குருநகர் படகுக்கு ஓர் இடங்காட்டிப் பெட்டி: செய்மதியும் ரவரும்

மாசி மாதத்தின் ஒரு முற்பகலில், யாழ்ப்பாணத்துக் குருநகரைச் சேர்ந்த சம்மாட்டி (படகுச் சொந்தக்காரர்) ஒருவர் தமது படகில் பூட்டியிருந்த ஜி.பி.எஸ். கருவியைக் கழற்றித் துவாயில் சுற்றிக்கொண்டு எனது திருத்தகத்துக்கு வந்தார். வானொலிப் பெட்டி திருத்துவதில் தொடங்கி, இப்போது இன்வேர்ட்டர் பலகை, கைத்தொலைபேசி என்று எது வந்தாலும் மேசையில் ஏற்றிப் பார்க்கும் கடை என்னுடையது. ஆனால் அவர் சொன்ன குறையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "தம்பி, கடலுக்கை நல்லாத்தான் வேலை செய்யுது. துறைக்குக் கிட்ட வந்தாத்தான் விசர் பிடிக்குது. ரண்டு தரம் அன்ரெனா மாத்திப் போட்டன்."

கரையில் ஒழுங்காக இயங்கும் கருவி உப்புக்காற்றுப் பட்டதும் கடலில் நின்றுவிடுவதுதான் வழமை. இது தலைகீழாக இருந்தது. கடையின் மொட்டைமாடியில் வைத்துப் பார்த்தபோது ஒரு நிமிடத்துக்குள் எட்டுச் செய்மதிகளைப் பிடித்துப் பிற்பகல் முழுவதும் அசையாமல் நின்றது. கருவியில் பிழை இல்லையென்றால் பிழை துறையில்தான் இருக்க வேண்டும். அது பொருட்படுத்தாமல் விடக்கூடிய குறையும் அல்ல. யாழ்ப்பாணக் கடனீரேரி ஆழம் குறைந்தது. விடியுமுன் இருட்டில் திரும்பும் படகு, மண்டைதீவுப் பக்கமாக ஆழமான வழியைப் பிடித்து உள்ளே வர வேண்டும். வழியின் கடைசிப் பகுதியில், அதாவது கருவி மிகவும் தேவைப்படும் இடத்தில், அது கண்ணை மூடிக்கொள்கிறது.

செய்மதியின் சமிக்ஞை எவ்வளவு மெலிந்தது என்பதை எண்ணிப் பார்த்தால் இதில் வியப்புக்கு இடமில்லை. ஜி.பி.எஸ். செய்மதிகள் ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றின் எல்1 அலை 1575.42 மெகாஹேர்ட்ஸில் நிலத்தை வந்தடையும்போது அதன் வலு சுமார் மறை (கழித்தல்) 128 டெசிபெல்-மில்லிவாற்று. வேறு விதமாகச் சொன்னால், ஒரு வாற்றை நூறு கோடி கோடிப் பங்காகப் பிரித்து அதில் ஒரு பங்கை எடுத்தது போன்றது. வாங்கியின், அதாவது அலையைப் பெறும் கருவியின், உள்ளே வெப்பத்தால் எழும் இரைச்சல் இதைவிடப் பல மடங்கு பெரியது. செய்மதி அனுப்பும் குறிமுறை முன்கூட்டியே தெரிந்திருப்பதால்தான் இரைச்சலுக்குள் புதைந்துள்ள சமிக்ஞையை வாங்கி தோண்டி எடுக்கிறது. அந்த அலைவரிசையில் அருகே எவராவது மெல்ல முணுமுணுத்தாலே போதும், தோண்டல் நின்றுவிடும்.

எனவே முதலில் துறையில் யார் முணுமுணுக்கிறார்கள் என்று அறிய வேண்டியிருந்தது. இதற்கு நான் எடுத்துக்கொண்டது யூ-புளொக்ஸ் நிறுவனத்தின் நியோ-எம்8என் செய்மதி வாங்கி, ஈஎஸ்பி32 என்னும் சிறு கணினிப் பலகை, எஸ்டி அட்டை, பழைய லப்டொப் ஒன்றின் பற்றரியில் இருந்து கழற்றிய இரண்டு செல்கள், அவ்வளவே. எம்8 வாங்கியில் பலரும் திறந்து பார்க்காத ஒரு செய்தி உண்டு. அதன் பெயர் மொன்-எச்டபிள்யூ. அது இடத்தைச் சொல்லாது. வாங்கி தன் காதுகளின் நிலையைச் சொல்லும் செய்தி அது. அதில் ஏஜிசி எண் என்பது வாங்கி தனது பெருக்கத்தை எவ்வளவு கூட்டி அல்லது குறைத்து வைத்திருக்கிறது என்பதைக் காட்டும். வெளியிலிருந்து பெரிய இடையூறு புகுந்தால் அது இறங்கிவிடும். ஜாம்இண்ட் என்னும் மற்ற எண் 0 முதல் 255 வரை செல்லும். ஒரே அலைவரிசையில் விடாமல் ஒலிக்கும் இடையூற்றை அது குறிப்பாகக் காட்டிக்கொடுக்கும். ஈஎஸ்பி32 இந்த இரண்டையும், ஒவ்வொரு செய்மதியும் இரைச்சலுக்கு மேல் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்னும் வலு எண்ணையும் நொடிக்கு ஒரு முறை அட்டையில் எழுதியது.

ஒரு சனிக்கிழமை மாலை, படகுகள் இறங்குமுன், பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு துறையின் ஓரமாக நடந்தேன். பண்ணை என்னும் இடத்தின் பக்கம் ஜாம்இண்ட் 12, 15 என்று கிடந்தது. வலு எண்கள் 40ஐச் சுற்றி நின்றன. துறையை நெருங்க நெருங்க எண் ஏறியது: 40, 70, 110. ஜி.பி.எஸ். செய்மதிகளின் வலு 40இலிருந்து 28க்கு இறங்கி, பிறகு ஒவ்வொன்றாக மறைந்தன. ஆனால் 1602 மெகாஹேர்ட்ஸ் பக்கம் ஒலிக்கும் ரஷ்யாவின் குளோனாஸ் செய்மதிகள் அப்போதும் நின்றன. சம்மாட்டியின் கருவி ஜி.பி.எஸ். மட்டுமே பார்க்கும் பழைய வகை என்பதால் அதற்கு எல்லாமே இருட்டு. இன்னும் சில அடி தூரம் உள்ளே சென்று ஒரு ஒழுங்கையில் திரும்பியபோது ஜாம்இண்ட் 231 ஆனது, குளோனாஸும் போயிற்று. நிமிர்ந்து பார்த்தேன். ஓட்டுக்கூரைக்கு மேலே இரண்டு நீர்க்குழாய்களை இணைத்து நிறுத்திய கம்பம். அதன் உச்சியில் துருப்பிடித்த தொலைக்காட்சி அன்ரெனா. அதன் நடுவே ஒரு சிறிய சாம்பல் நிறப் பெட்டி.

தூரதர்ஷன் பிடிப்பதற்காக வீட்டுக்கு வீடு குழாய் நட்ட காலத்தை அறிந்தவர்களுக்கு அந்தப் பெட்டி என்னவென்று சொல்லத் தேவையில்லை: பூஸ்ரர், அன்ரெனாவின் சமிக்ஞையைக் கூட்டிக் கொடுக்கும் பெருக்கி. வீட்டிலிருந்த ஆச்சியிடம் தொலைக்காட்சி எங்கே என்று கேட்டேன். "ரீவி பழுதாப்போய் எத்தினை வரியம். அது பழசுக்குக் குடுத்தாச்சு மோனை," என்றார். பூஸ்ரரின் மின்வழங்கி மட்டும் கட்டிலுக்குப் பின்னால், தூசி படிந்த பிளக்கில், சிறிய சிவப்பு விளக்குடன் இன்னும் உயிரோடு இருந்தது. அதைக் கழற்றியதும் என் கையிலிருந்த எண் 231இலிருந்து 14க்கு விழுந்தது. உள்ளே நீர் புகுந்து பாதுகாப்புக் கெட்ட பெருக்கி, தன் வெளியீட்டையே தன் உள்ளீட்டில் கேட்டு ஊளையிடத் தொடங்கியிருக்கிறது. அதைக் கேட்கத் தொலைக்காட்சி இல்லாததால் எவரும் கவனிக்கவில்லை. ஆச்சிக்கு மின்கட்டணத்தில் சிறிது மிச்சம்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய விபத்து அல்ல. 2001ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் மொஸ் லாண்டிங் துறைமுகத்தில் ஜி.பி.எஸ். வேலை செய்யாமற் போனபோது, மொன்ரரேயில் உள்ள கடற்படை முதுநிலைக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் தேடிச் சென்று கண்டதும் இதைத்தான்: தொலைக்காட்சி அன்ரெனாக்களின் பெருக்கிகள். துறைமுகமும் படகும் பூஸ்ரரும் அங்கும் இருந்தன.

பிளக்கைக் கழற்றியதோடு வேலை முடிந்தது என்று கணக்கு எழுதியிருக்கலாம். சம்மாட்டி விடவில்லை. நாளை இன்னொரு வீட்டில் இன்னொரு பூஸ்ரர் கெடலாம். வீதியால் செல்லும் வாகனம் ஒன்றில் யாராவது வேண்டுமென்றே ஜாமர் (அலையைக் குழப்பும் கருவி) பூட்டியிருக்கலாம். கடல் எல்லைப் பக்கம் எவர் எதை இயக்குவார் என்று யாருக்குத் தெரியும் என்பது அவருடைய வாதம். 1974ஆம் ஆண்டு இந்திய-இலங்கை உடன்படிக்கையால் பாக்கு நீரிணையில் வரையப்பட்ட எல்லைக்கோடு அலைமேல் எழுதப்பட்டிருப்பதில்லை. கருவி தவறினால் படகும் ஆட்களும் அகப்பட்டுக்கொள்வார்கள். "குழப்பினாலும் நிண்டு பிடிக்கிற மாதிரி ஒண்டு செய்யேலாதோ?" என்று கேட்டார். அப்படித்தான் இந்தப் பெட்டி தொடங்கியது.

செய்மதி மெலிந்து ஒலிக்கும் இடத்தில் உரத்து ஒலிப்பது கைத்தொலைபேசிக் கோபுரம். கோபுரம் என்றால் இங்கே முதலில் நல்லூர்தான் நினைவுக்கு வரும் என்பதால் இனி ரவர் என்றே எழுதுகிறேன். துறையில் நிற்கும் தொலைபேசிக்கு ரவரிலிருந்து வரும் சமிக்ஞை, செய்மதியினுடையதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வலுவானது. ஆகவே செய்மதி போனால் ரவரை வைத்து இடத்தைக் கண்டுகொள்ளலாம் என்பதே பலருக்கும் முதலில் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அது பாதிதான் சரி. ரவரின் பெரிய உதவி, செய்மதிக்குப் பதிலாக நிற்பதில் இல்லை. செய்மதியை விட்டுவிடாமல் பிடித்துக்கொள்ள வாங்கிக்குக் கைகொடுப்பதில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு ஜி.பி.எஸ். செய்மதியும் தன் பாதை விவரத்தையும் கடிகாரத் திருத்தத்தையும் நொடிக்கு 50 பிற்று (0 அல்லது 1 என்னும் குறி) என்ற ஆமை வேகத்தில் ஒலிபரப்புகிறது. ஒரு முழுச் செய்தித் தொகுதி 1500 பிற்று, 30 நொடி. அதில் அந்தச் செய்மதிக்கே உரிய விவரம் முதல் 18 நொடியில் வருகிறது. எல்லாச் செய்மதிகளின் பொதுவான அட்டவணையைக் கேட்டு முடிக்க 12 நிமிடமும் 30 நொடியும் வேண்டும். இடையூறு உள்ள இடத்தில், சமிக்ஞை "இருக்கிறது" என்று உணர்வதைவிட, அது சொல்லும் பிற்றுகளைப் பிழையின்றி எழுதிக்கொள்வது மிகக் கடினம். நல்லூர்த் திருவிழாவில் ஒலிபெருக்கிகளுக்கும் கச்சான் கடைகளுக்கும் நடுவே நின்றுகொண்டு, தூரத்தில் ஒருவர் பாடுவதைக் கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு மனப்பாடமான தேவாரம் என்றால் நாலில் ஒரு சொல் காதில் விழுந்தாலே எந்த அடியில் நிற்கிறார் என்று தெரிந்துவிடும். அவரே முன்பின் தெரியாத ஒரு தொலைபேசி இலக்கத்தைச் சொன்னால் ஓர் எண் தவறினாலும் பயனில்லை. ரவர் வழியாகப் பாதை விவரத்தையும் ஏறத்தாழச் சரியான நேரத்தையும் முன்கூட்டியே பெற்றுவிட்டால், வாங்கிக்கு எல்லாமே தெரிந்த தேவாரம் ஆகிவிடுகிறது.

நியோ-எம்8என்னின் தரவுத்தாளில் இந்த வேறுபாடு எண்களாகவே இருக்கிறது. எதுவும் தெரியாமல் தொடங்கும்போது அதற்கு மறை 148 டெசிபெல்-மில்லிவாற்று வேண்டும். எல்லாம் தெரிந்த நிலையில் தொடங்க, அதைவிட மெலிந்த மறை 157 போதும். ஏற்கெனவே பிடித்ததைத் தொடர்ந்து பிடித்திருக்க மறை 167 போதும். முதலாவதற்கும் கடைசிக்கும் இடையே 19 டெசிபெல், ஏறத்தாழ 80 மடங்கு. இடையூறு செய்யும் மூலத்தின் வலு தூரத்தின் இருபடிக்கு ஏற்பக் குறைவதால், இதைத் தூரமாக மாற்றினால் சுமார் ஒன்பது மடங்கு வருகிறது. 900 மீற்றருக்குள் புதிதாகத் தொடங்க விடாத ஒரு மூலம், பிடித்த பிடியை விடுவிக்க 100 மீற்றருக்குள் வர வேண்டும் என்பது ஏட்டுக் கணக்கு. கடலில் கணக்கு இவ்வளவு ஒழுங்காக நடக்காது என்றாலும், எந்தப் பக்கம் உழைக்க வேண்டும் என்பதை அது தெளிவாக்கியது.

பரிசோதிக்க ஜாமர் வாங்கினீர்களா என்று கடைக்கு வந்த இருவர் கேட்டார்கள். இல்லை. அனுமதியின்றி அலைபரப்பியை இயக்குவது 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் குற்றம். அதற்கும் மேலாக, என் ஆய்வுக்காக அயலிலுள்ள படகுகளின் கண்ணைக் கட்டுவது எனக்கு உடன்பாடானதல்ல. நான் எடுத்தது ஒரு பெரிய பிஸ்கற் பேணி. அடியில் துளையிட்டு அன்ரெனாவின் வயரை உள்ளே எடுத்து, அன்ரெனாவைப் பேணிக்குள் வைத்து மூடியைச் சிறிது சிறிதாக மூடினேன். எல்1 அலையின் நீளம் 19 சென்ரிமீற்றர், ஒரு சாணைவிடச் சற்றுக் குறைவு. எனவே மூடிக்கும் பேணிக்கும் இடையே உள்ள இடுக்குச் சிறுத்தால் உள்ளே புகுவது விரைவாகக் குறையும். இடுக்கில் ஒரு தீப்பெட்டியை நிறுத்தி வைத்தபோது வலு எண் 31. பென்சிலைக் கிடத்தியபோது 25. ஐந்து ரூபாய்க் குற்றி ஒன்றை மட்டும் வைத்தபோது 20, 21. முற்றாக மூடினால் ஒன்றுமில்லை. உண்மையான இடையூறு இரைச்சலைக் கூட்டுகிறது, பேணியோ சமிக்ஞையைக் குறைக்கிறது. இரண்டும் ஒன்றல்ல, பேணிக்குள் ஏஜிசி எண் அசையாது. ஆயினும் வாங்கி பிற்றுகளை வாசிக்க முடிகிறதா என்ற கேள்விக்கு இது போதுமான விடை தரும்.

குற்றி வைத்த நிலையில், வாங்கியின் நினைவை முழுவதும் அழித்துத் தொடங்கினேன். தேநீர் குடித்து, இன்னொருவரின் மின்விசிறிக்குக் கொண்டென்சர் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தேன். 20 நிமிடம் கடந்தும் இடம் வரவில்லை. திரையில் நான்கைந்து செய்மதிகள் தெரிகின்றன, ஆனால் அவை எங்கே இருக்கின்றன என்று வாங்கிக்குத் தெரியாது. மீண்டும் அழித்து, இம்முறை ரவரோடு பேசும் மொடெம் வழியாக யூ-புளொக்ஸின் உதவித் தரவைப் பதிவிறக்கி, நேரத்தையும் "யாழ்ப்பாணம், சுற்றிலும் சில கிலோமீற்றர்" என்ற அளவில் இடத்தையும் ஊட்டினேன். 23ஆவது நொடியில் இடம் வந்தது. பிழை 40 மீற்றரளவு இருந்தது. திறந்த வானத்தில் அது மூன்று மீற்றர்தான். இருந்தும் 40 மீற்றர், ஒன்றுமில்லாததைவிட எவ்வளவோ மேல். இதே தரவில் பல நாள்களுக்கு முன்கூட்டியே கணித்த வகையும் உண்டு. அதைக் கரையில் இறக்கி அட்டையில் வைத்துக்கொண்டால், ரவர் எட்டாத ஆழ்கடலிலும் பயன்படும். செம்மை நாளாக நாளாகக் குறையும், அவ்வளவுதான்.

மொடெமாக நான் பயன்படுத்தியது சிம்7600. அதனுள்ளேயே ஒரு செய்மதி வாங்கி இருக்கிறது. ஆனால் எனக்கு வேண்டிய ஏஜிசி, ஜாம்இண்ட் எண்களுக்காக எம்8ஐத் தனியே வைத்துக்கொண்டேன். இரண்டையும் ஒரே பெட்டிக்குள், ஒரே மூடியின் கீழ், அருகருகே அழகாக அடுக்கினேன். அந்த அழகு எனக்கு ஒன்றரை வாரத்தைத் தின்றது.

பெட்டி மேசையில் இருந்தபோது, செய்மதிகளின் வலு 41இல் நின்றுகொண்டிருக்கும். திடீரென எல்லாம் ஒன்றாக 33க்கு விழும். இரண்டு மூன்று நொடியில் மீளும். வாங்கி மலிவான போலியோ என்று ஐயுற்று இன்னொன்று மாற்றினேன். அதே கதை. கடைசியில் இரண்டு பதிவுகளையும் நேரம் ஒத்து அருகருகே வைத்துப் பார்த்தபோது வெட்கமாகிவிட்டது: மொடெம் தரவை மேலே அனுப்பும் ஒவ்வொரு முறையும் அந்த வீழ்ச்சி. ஜாமரை எதிர்க்கச் செய்த பெட்டியே ஜாமராகியிருந்தது. எல்ரிஈ (நான்காம் தலைமுறை) மொடெம் ஒன்று 23 டெசிபெல்-மில்லிவாற்று, அதாவது 200 மில்லிவாற்று வரை அனுப்பும். செய்மதியின் மறை 128க்கும் அதற்கும் 151 டெசிபெல் இடைவெளி. இங்கே பயன்படும் 1800 மெகாஹேர்ட்ஸ் பட்டையில் தொலைபேசி அனுப்புவது 1710 முதல் 1785 வரை. 1575க்கு அது அடுத்த வீடு இல்லையென்றாலும் அடுத்த ஒழுங்கைதான். கதவைச் சாத்தாத பெருக்கி அதைக் கேட்டுத் திணறிவிடுகிறது.

இதற்கு மூன்று வைத்தியம் செய்தேன். செய்மதி அன்ரெனாவை, பெருக்கிக்கு முன்னாலேயே வடிகட்டி உள்ள வகைக்கு மாற்றி, மொடெமின் அன்ரெனாவிலிருந்து 70 சென்ரிமீற்றர் தள்ளி வைத்தேன். மொடெம் சில வேளை 2 அம்பியர் வரை மின்னோட்டத்தை இழுப்பதால் மின்னழுத்தம் தாழ்ந்து வாங்கியும் தடுமாறுவதைக் கண்டு, அதன் வாயிலிலேயே 1000 மைக்ரோபரட் கொண்டென்சர் ஒன்றை ஈயத்தால் ஒட்டி, 12 வோல்ற்றிலிருந்து இறக்கும் பலகையை மொடெமுக்கு ஒன்றும் வாங்கிக்கு ஒன்றுமாகப் பிரித்தேன். இதற்குப் பிறகும் எஞ்சிய ஒன்றிரண்டு டெசிபெலை மென்பொருளில் பார்த்துக்கொண்டேன்: மொடெம் நிமிடத்துக்கு ஒரு முறை மட்டும் பேசும், அது பேசும் நொடிகளில் கிடைக்கும் அளவீடுகளைப் பெட்டி தீர்ப்புக்கு எடுக்காது. இந்த மூன்றில் முதலாவதே முக்கால்வாசிக் குணத்தைத் தந்தது. இப்படிப் பெட்டி செய்வோர் வேறெதைச் செய்யாவிட்டாலும் அன்ரெனாக்களைப் பிரித்து வையுங்கள்.

இனி ரவரை வைத்து இடம் காண்பது. எல்ரிஈ வலையமைப்பு, தொலைபேசி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை 78 மீற்றர் படிகளில் அறியும். பழைய இரண்டாம் தலைமுறையில் அது ஏறத்தாழ 550 மீற்றர் படி. ஆனால் அது வலையமைப்பு தன் தேவைக்குக் கணிப்பது. நான் பயன்படுத்திய கட்டளை அந்த எண்ணைத் தருவதில்லை. எனக்குக் கிடைத்தது நாட்டின் குறியீடு 413, ரவர்க் கலத்தின் (ரவர் ஒன்று ஒலிபரப்பும் பகுதியின்) இலக்கம், அதன் வலு ஆகியவை மட்டுமே. எனவே வேறு வழி எடுத்தேன். செய்மதி நன்றாக இருக்கும் நாள்களில் சம்மாட்டியின் படகு செல்லும் வழியெங்கும், எந்த இடத்தில் எந்தக் கலம் என்ன வலுவில் தெரிகிறது என்று ஐந்து வாரம் பதிவு செய்து, பிறகு அதையே படமாக வைத்துக்கொண்டேன். துறைக்கு அருகே, கலங்கள் நெருக்கமாக உள்ள இடத்தில், அந்தப் படம் 400, 500 மீற்றருக்குள் சொல்கிறது. மண்டைதீவைத் தாண்டித் தெற்கே இறங்கினால் ஒரே கலம் பல கிலோமீற்றருக்குப் படர்ந்து கிடக்கிறது. பாலைதீவுப் பக்கம் அந்த இடங்காட்டல், வானத்தைப் பார்த்து மணி சொல்வது போலத்தான். ஓரிரு இரவுகளில் கடல்மேல் அலை வெகுதூரம் பரவியபோது, மொடெமின் தேடலில் 404 என்று தொடங்கும் இந்திய வலையமைப்பின் குறியீடுகளும் தலைகாட்டின. அதை எல்லை நெருங்கியதற்கான அறிகுறியாக எடுக்கலாமா என்று சம்மாட்டி ஆவலோடு கேட்டார். கூடாது என்றேன், காற்றின் வெப்பமும் ஈரமும் மாறினால் அதே இடத்தில் மறுநாள் அது தெரியாது.

இவ்வளவு கரடுமுரடான இடத்துக்கு ஒரு நல்ல பயன் உண்டு: அது சாட்சி. இடையூற்றைவிடக் கொடியது போலிச் சமிக்ஞை. அது வாங்கியைக் குருடாக்காமல், தவறான இடத்தை உறுதியோடு சொல்ல வைக்கும். செய்மதி வாங்கி "நான் இங்கே" என்று சொல்லும் இடம், அந்த நேரத்தில் தெரியும் கலத்தின் படத்துக்குள் அடங்காவிட்டால், அல்லது செய்மதி நேரமும் வலையமைப்பு நேரமும் சில நொடிகளுக்கு மேல் பிசகினால், அல்லது செய்மதிகளின் வலு எண்கள் குலைந்தால், பெட்டி மஞ்சள் விளக்கை எரிக்கும். இரண்டும் ஒத்து, ஜாம்இண்ட்டும் ஏஜிசியும் அமைதியாக இருந்தால் பச்சை. செய்மதி போய் ரவர் மட்டும் எஞ்சினால், அல்லது இரண்டும் போனால், சிவப்பு. கடைகளில் கிடைக்கும் மலிவு ஜாமர்கள் பல, கைத்தொலைபேசிப் பட்டைகளையும் சேர்த்தே மூடக்கூடியவை. அப்படி ஒன்று அருகே வந்தால் என் பெட்டிக்கும் சிவப்பைத் தவிர வழியில்லை. அத்துடன் சில வகை ரவர்கள் தம் கடிகாரத்தைச் செய்மதியிடமிருந்தே பெறுகின்றன என்பதையும் மறக்கலாகாது. சாட்சியும் ஒரே வீட்டுக்காரராக இருக்கும் ஆபத்து அது.

பங்குனி மாதத்தில் ஓர் இரவு, எட்டு மணி கடந்து, படகு துறையில் கட்டப்பட்டிருந்தபோதே மஞ்சள் எரிந்தது. மீண்டும் ஒரு பூஸ்ரர் என்று எண்ணி மோட்டார் சைக்கிளில் ஓடினேன். பதிவைப் பார்த்தால் வேறுவிதமாக இருந்தது: ஏஜிசி அசையவில்லை, ஜாம்இண்ட் 13, ஆனால் தெற்கேயும் மேற்கேயும் உள்ள செய்மதிகளின் வலு மட்டும், ஒன்று ஏற ஒன்று இறங்க, 15 டெசிபெல் அளவுக்குத் துள்ளிக்கொண்டிருந்தது. வடக்கே உள்ளவை தியானத்தில் இருந்தன. இது மனிதர் செய்தது அல்ல. பூமியின் காந்த நடுக்கோடு நம் பகுதிக்கு மிக அருகால் செல்கிறது; சூரியன் மறைந்த பின், குறிப்பாகப் பங்குனியிலும் புரட்டாதியிலும், அந்தக் கோட்டின் இரு பக்கத்திலும் அயனமண்டலத்தில் (மேல் வளிமண்டலத்தின் மின்னேற்றமுள்ள படையில்) அடர்த்தி குறைந்த குமிழிகள் எழுந்து செய்மதி அலைகளை மினுங்க வைக்கின்றன. கேரளத்தின் தும்பாவில் 1963இல் இந்தியா ஆய்வு ரொக்கெட் ஏவுதளம் அமைத்ததற்கும் இதே காந்தக் கோடுதான் காரணம். இதை இடையூறு என்று பெட்டி பிழையாகச் சொல்லாதிருக்க ஒரு விதி சேர்த்தேன்: எல்லாச் செய்மதியும் ஒரே நொடியில் விழுந்து ஏஜிசியும் இறங்கினால் நிலத்து இடையூறு, ஒவ்வொன்றாக, ஏஜிசி அசையாமல், சூரியன் மறைந்த பிறகு என்றால் வானம். முதலாவதற்கு மஞ்சள் விட்டு விட்டு எரியும். இரண்டாவதற்கு நிலையாக எரியும்.

படகில் பூட்டுவது பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பெட்டி, நீர் புகாத மின்சந்திப் பெட்டி. உள்ளே ஒரு பொட்டலம் ஈரமுறிஞ்சி. செய்மதி அன்ரெனா கூடாரக் கம்பியின் உச்சியில், மொடெம் அன்ரெனா பின்னணியத்தில், வெளியிணைப்பு எந்திரத்திலிருந்து தள்ளி. மூன்றாவது வாரமே அன்ரெனா இணைப்பியின் பித்தளை பச்சை பூத்துவிட்டது. சிலிக்கன் பூசி, வெப்பத்தில் சுருங்கும் குழாய் மாட்டிய பின் நின்றுபிடிக்கிறது. சிவப்பு எரிந்தால் என்ன செய்வீர்கள் என்று சம்மாட்டியிடம் கேட்டேன். "கொம்பாசைப் பார்ப்பன், வெள்ளியைப் பார்ப்பன். முந்தி எனக்குச் சிவப்பு எண்டு சொல்ல ஒண்டும் இருக்கேல்லைத் தம்பி," என்றார்.

அடுத்ததாக 1176.45 மெகாஹேர்ட்ஸில் ஒலிக்கும் எல்5 அலையையும் கேட்கும் வாங்கி ஒன்று மேசைக்கு வந்திருக்கிறது. ஜி.பி.எஸ்., ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ, நம் தலைக்கு மேலேயே நிற்கும் இந்தியாவின் நாவிக் ஆகிய நான்கும் அங்கே ஒரே இடத்தில் ஒலிக்கின்றன. எல்1ஐ மட்டும் மூடும் பூஸ்ரருக்கு அது எட்டாது. பிஸ்கற் பேணிதான் இதற்குப் போதாது. அந்த அலையின் நீளம் 25 சென்ரிமீற்றருக்கு மேல். தீப்பெட்டிக்கும் பென்சிலுக்கும் குற்றிக்கும் எழுதி வைத்த எண்களை எல்லாம் புதிதாக அளக்க வேண்டும்.